பெயரைத் தேடினால் இரண்டாவதாக வரும் பழைய சுற்றறிக்கை: நான் என்ன செய்யலாம்?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாக என் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, நான் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது, தேர்வில் முறைகேடு செய்ததாக என்மீதும் மேலும் ஆறு பேர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை முடியும்வரை எங்கள் எழுவரையும் இடைநீக்கம் செய்வதாக, பெயர்களையும் பதிவு எண்களையும் குறிப்பிட்டு, கல்வி நிறுவனம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏழு வாரங்கள் கழித்து விசாரணைக் குழு எங்களில் ஐவர்மீது குற்றம் இல்லை என்று எழுத்தில் முடிவு சொன்னது. அந்த ஐவரில் நானும் ஒருத்தி. விடுவிப்பு ஆணையைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள். அது இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. சுற்றறிக்கையோ பிடிஎஃப் கோப்பாக நிறுவனத்தின் இணையதளத்தில் இன்றும் இருக்கிறது.

கடந்த மாதம் ஒரு நேர்காணலின் முடிவில், குழுவில் இருந்த ஒருவர் தம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “இது நீங்கள்தானா?” என்று கேட்டார். அவர் குரலில் கடுமை இல்லை. நடந்ததைச் சொன்னேன். நம்பினார் என்றே நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து என் பெயரைத் தேடியபோது, இரண்டாவது முடிவாகவே அந்தக் கோப்பு வந்தது. எத்தனை ஆண்டுகளாக அது அந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டவருக்கு விடை சொல்ல முடிந்தது. கேட்காமலேயே என் விண்ணப்பத்தை ஓரமாக வைத்தவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு நான் எப்படி விடை சொல்வது?

தேடுபொறி நிறுவனத்திடம் இதை நீக்கச் சொல்லலாமா? இதற்கென்று பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் நிறுவனங்களை நாடலாமா? அல்லது நடந்தது முழுவதையும் நானே ஒரு பக்கத்தில் எழுதி வெளியிட்டுவிடுவதுதான் நேர்மையான வழியா?

திசைகாட்டி எழுதியது:

நீலவானம் அவர்களுக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் நிற்கும் ஒரு வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமல் தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கை இழக்கிறார்கள். தேடுபொறியிடம் இருப்பது நூலக அட்டவணை போன்ற ஒன்றுதான். கோப்பு இருப்பது கல்வி நிறுவனத்தின் கணினியில். அட்டவணையில் ஒரு வரியை அடித்தாலும் நூல் அலமாரியில் இருக்கும். நூலை அகற்றினாலோ அட்டவணை வரி தானாகவே நாளடைவில் விழுந்துவிடும். ஆகவே முதல் கடிதம் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

அதற்கும் முன்பாக, என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுங்கள். உங்கள் கணக்குகள் எதிலும் நுழையாமல், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் தேடுங்கள். உங்கள் வழக்கமான உலாவியில் வரும் முடிவுகள் உங்கள் பழக்கத்தையும் ஒட்டி வரக்கூடியவை, அந்நியர் காண்பது வேறாக இருக்கலாம். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டும், தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் மாற்றியும், ஆங்கில எழுத்துகளில் உங்கள் பெயரை எழுதக்கூடிய எல்லா வகைகளிலும் தேடுங்கள். நம் பெயர்களில் ஒரு நெடில், ஒரு இரட்டை எழுத்து மாறினாலே முடிவுகள் முற்றிலும் வேறாகிவிடுகின்றன. படத்தேடலையும் இன்னொரு தேடுபொறியையும் விட்டுவிடாதீர்கள். கண்ட ஒவ்வொன்றின் முகவரியையும் தேதியையும் குறித்துவைத்து, பக்கத்தின் நகலையும் சேமியுங்கள். பிறகு முறையிடும்போது “அப்படி ஒன்று இல்லையே” என்று யாரும் சொன்னால் காட்டுவதற்குச் சான்று வேண்டும்.

கடிதத்தைப் பொதுவான தொடர்பு முகவரிக்கு அனுப்பாமல் பதிவாளருக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விடுவிப்பு ஆணையின் நகலை இணைத்து, கோப்பின் முழு முகவரியைக் கொடுத்து, கோப்பை நீக்கும்படி கேளுங்கள். அது இயலாதென்றால் பெயர்களை மறைக்கும்படியும், அதுவும் இயலாதென்றால் விடுவிப்பு ஆணையை அதே கோப்பின் முதல் பக்கமாகச் சேர்க்கும்படியும் கேளுங்கள். சட்ட நடவடிக்கை என்ற சொல் முதல் கடிதத்தில் வர வேண்டாம். அந்தச் சொல்லைக் கண்டதும் கடிதம் வழக்கறிஞரின் மேசைக்குப் போய்விடும், அங்கே ஒரு கோப்பை நீக்குவதற்கு ஆறு மாதம் ஆகும்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. கோப்பை வைத்துக்கொண்டே தேடலில் வராமல் செய்கிறோம் என்று அவர்கள் சொல்லலாம். அது நல்ல தீர்வுதான், ஆனால் பலர் அதைத் தவறாகச் செய்கிறார்கள். சாதாரண இணையப் பக்கத்துக்குள் ‘நோஇண்டெக்ஸ்’ (அட்டவணைப்படுத்தாதே) என்ற குறியை எழுதலாம். பிடிஎஃப் கோப்புக்குள் அப்படி எழுத முடியாது, தளத்தின் கணினி அந்தக் கோப்பை அனுப்பும்போது, கூடவே அனுப்பும் ‘எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக்’ என்ற தலைப்பு வரியில் அதைச் சொல்ல வேண்டும். இதற்குப் பதிலாக, தேடுபொறி நிரல்கள் தளத்தில் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ‘ரோபோட்ஸ்’ கோப்பில் தடை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தடை போட்டால் தேடுபொறியின் நிரல் உள்ளே வராது. உள்ளே வராததால் ‘அட்டவணைப்படுத்தாதே’ என்ற அறிவிப்பையும் அது படிக்காது, முகவரி மட்டும் முடிவுகளில் தங்கிவிடக்கூடும். இதைக் கடிதத்தின் அடியில் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள், அவர்களின் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவருக்கு அது போதும்.

கோப்பு நீங்கியபின், காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றுவதற்கென்று கூகுள் வைத்திருக்கும் படிவத்தில் அந்த முகவரியைப் பதியுங்கள். அதைத் தள உரிமையாளர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

விரைவுவழி எழுதியது:

திசைகாட்டி சொன்னது முறையான வழிதான், ஆனால் பதிவாளர் அலுவலகம் விடை எழுதும்வரை வேலை தேடுபவர் காத்திருக்க முடியுமா? பெரும்பாலானோர் முதல் பக்கத்துக்கு அப்பால் பார்ப்பதில்லை. இணைய நற்பெயர் மேலாண்மை நிறுவனங்கள் உங்கள் பெயரில் பத்து இருபது பக்கங்களை உருவாக்கி, அந்தக் கோப்பை இரண்டாம் மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். யாருக்கும் தீங்கில்லை, பொய்யும் இல்லை. இதில் தவறு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மறுகரை எழுதியது:

விரைவுவழி அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் நான் அந்த வழியில் போய்த் திரும்பியவன், அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தனியாகத் தொழில் செய்பவன். முன்னாள் வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பற்றி எழுதிய கடுமையான விமர்சனம் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நிறுவனத்துக்கு மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கட்டினேன். அவர்கள் என் பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட வலைப்பூக்களைத் தொடங்கினார்கள். அவற்றில் என்னைப் புகழும் கட்டுரைகள் இருந்தன. நான் படிக்காமலேயே அவை வெளியாயின. அவற்றில் ஒன்று, நான் பெறாத ஒரு விருதை எனக்கு அளித்திருந்தது. அதைப் படித்த புதிய வாடிக்கையாளர் ஒருவர் அந்த விருதைப் பற்றி ஆர்வத்தோடு கேட்டபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அந்தப் பழைய விமர்சனம் என்னைக் கவனக்குறைவானவன் என்று மட்டுமே சொன்னது. இந்தக் கட்டுரைகள் என்னைப் பொய்யனாகவே ஆக்கிவிட்டன. ஒப்பந்தம் முடிந்ததும் கணக்குகளின் கடவுச்சொற்களைத் தர மறுத்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக நீக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

இந்தத் துறையில் இதைவிட மோசமான முறைகளும் நடக்கின்றன. ஒரு செய்தியை அப்படியே நகலெடுத்து, வேறொரு தளத்தில் பழைய தேதியிட்டு வெளியிட்டு, “எங்கள் கட்டுரையைத் திருடிவிட்டார்கள்” என்று அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்து, உண்மையான செய்தியை முடக்கும் தந்திரம் அதில் ஒன்று. இப்படிச் செய்பவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லாத ஒன்று உண்டு. கூகுள் தனக்கு வரும் சட்டவழி நீக்கல் கோரிக்கைகளில் பலவற்றின் நகலை ‘லூமன்’ என்ற பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. 2002 முதல் இயங்கிவரும் அந்தத் தளத்தில் யார் எதை மறைக்க முயன்றார்கள் என்பதை ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் தேடிப் படிக்கிறார்கள். போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உண்மையான பக்கங்களால் ஒன்றைக் கீழே தள்ளுவதில் தவறில்லை, அதில் விரைவுவழியோடு உடன்படுகிறேன். உங்கள் பெயரையே முகவரியாகக் கொண்ட ஓர் எளிய தளம், செய்த வேலைகளின் பட்டியல், லிங்க்ட்இன் பக்கத்தில் முழுமையான விவரம், துறைசார்ந்து நீங்கள் எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகள் ஆகியவை போதும். அவற்றை நீங்களே எழுதுங்கள். எந்த வரியைப் பற்றி யார் கேட்டாலும் நிமிர்ந்து விடை சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

சட்டநோக்கு எழுதியது:

தேடுபொறியிடம் நேரடியாகக் கேட்கலாமா என்ற முதல் கேள்விக்கு, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆனால் உலகெங்கும் இந்த விவாதத்துக்கு அடித்தளமாக இருக்கும் வழக்கு உங்கள் நிலைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது.

1998ஆம் ஆண்டில் ஸ்பெயினின் ‘லா வன்கார்தியா’ நாளிதழில் இரண்டு சிறிய அறிவிப்புகள் வந்தன. சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டிய கடனுக்காக மரியோ கோஸ்டெகா கொன்சாலெஸ் என்பவரின் சொத்து ஏலத்துக்கு வருகிறது என்பது அவற்றின் செய்தி. கடன் விவகாரம் தீர்ந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் அவர் பெயரைத் தேடினால் அந்த அறிவிப்புகளே வந்துகொண்டிருந்தன. 2010இல் அவர் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் முறையிட்டார். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை சென்றது. 2014 மே 13 அன்று வந்த தீர்ப்பு, ஒருவரின் பெயரைக் கொண்டு தேடும்போது வரும் முடிவுகளில் பொருத்தமற்றவையும் காலம் கடந்தவையும் இருந்தால் அவற்றை நீக்கும்படி தேடுபொறியிடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்றது. நாளிதழ் தன் பக்கத்தை நீக்க வேண்டியிருக்கவில்லை. அது சட்டப்படி வெளியிடப்பட்ட அறிவிப்பு. ஆக, நீங்குவது பெயருக்கும் பக்கத்துக்கும் இடையிலான இணைப்பு மட்டுமே. வேறு சொற்களைக் கொண்டு தேடினால் அதே பக்கம் வரும்.

இந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அழித்துவிடக் கேட்கும் உரிமையைத் தந்தாலும், கருத்துச் சுதந்திரத்துக்கும் தகவல் அறியும் உரிமைக்கும் அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. 2019 செப்டம்பரில் அதே நீதிமன்றம், நீக்கத்தை உலகெங்கும் செய்ய ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றும் தீர்ப்பளித்தது. அந்த ஒன்றியத்துக்கு வெளியே வாழ்பவர்கள் தத்தம் நாட்டின் சட்டத்தையே பார்க்க வேண்டும்.

நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துச் சொல்லும் இன்னொரு தீர்ப்பு இங்கிலாந்தில் 2018இல் வந்தது. பெயர் மறைக்கப்பட்ட இரண்டு தொழிலதிபர்கள், தங்கள் பழைய குற்றத் தண்டனைகள் குறித்த முடிவுகளை நீக்க மறுத்ததற்காகக் கூகுள்மீது தனித்தனியாக வழக்குத் தொடுத்தார்கள். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். வென்றவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு உண்மையாக வருந்தினார் என்றும், அவர் மீண்டும் அதைச் செய்யக்கூடும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் நீதிபதி கண்டார். தோற்றவரோ தொழிலில் தொடர்ந்துகொண்டு, வருத்தம் காட்டாமல், பொதுமக்களைத் தவறாக வழிநடத்தியவர். அவரோடு தொழில் செய்யப் போகிறவர்கள் அவரது கடந்த காலத்தை அறிவதில் நியாயம் இருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. ‘பழையது’ என்ற ஒற்றைக் காரணம் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

நீலவானம் அவர்களின் நிலையில் ‘பழையது’ என்பதைவிட வலுவான காரணம் இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை முழு உண்மையைச் சொல்லவில்லை. கடிதத்தில் அதையே முன்னிறுத்துங்கள்.

பழைய அச்சு எழுதியது:

செய்தி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், மேசையின் மறுபக்கத்தில் இருந்து சில சொல்கிறேன். நீக்கச் சொல்லி எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, படித்தவுடனேயே எங்களை எதிரியாக்கிவிடும். மிரட்டல், அவதூறு வழக்கு, மேலிடத்துச் சிபாரிசு என்று தொடங்கும் கடிதத்தைக் கண்டால் எந்த ஆசிரியருக்கும் முதலில் எழும் ஐயம், “இதில் நாம் இன்னும் எழுதாதது என்ன இருக்கிறது?” என்பதுதான்.

பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்ற பாடகி 2003இல் இதைத் தெரியாமல் நிரூபித்துவிட்டார். கலிஃபோர்னியாவின் கடற்கரை அரிப்பைப் பதிவு செய்வதற்காக எடுக்கப்பட்ட பன்னிரண்டாயிரம் வான்படங்களில் ஒன்றில் அவரது மாளிகை தெரிந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். அதற்குமுன் அந்தப் படம் ஆறு முறையே பதிவிறக்கப்பட்டிருந்தது, அவற்றில் இரண்டு அவருடைய வழக்கறிஞர்களால். வழக்குச் செய்தி பரவியபின் ஒரே மாதத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்கு வந்தார்கள். வழக்கும் தள்ளுபடியானது. மறைக்கப் போய்ப் பரப்பிவிடுவதற்கு 2005 முதல் அவர் பெயரே வழங்கிவருகிறது.

ஆயினும் ஊடகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரச் செய்தித்தளம் 2018இலும், ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் 2021இலும், பழைய சிறு குற்றச் செய்திகளில் உள்ள சாதாரண மனிதர்களின் பெயர்களை மறுபரிசீலனை செய்யும் முறையைத் தொடங்கின. கைதைச் செய்தியாக்கிவிட்டு விடுதலையைச் செய்தியாக்காமல் விடுவது எங்கள் தொழிலின் நீண்டகாலக் குற்றம். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. என் சொந்த விருப்பம், நீக்குவதைவிட நிறைவு செய்வது. செய்தியின் தலையிலேயே “இவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்” என்று தேதியோடு ஒரு வரி சேர்த்தால், படிப்பவருக்கும் உண்மை கிடைக்கிறது, ஆவணமும் சிதைவதில்லை.

ஆனால் சகோதரியின் ஆவணம் செய்தி அல்ல. அது ஏழு வாரங்களுக்கு மட்டுமே செல்லுபடியான ஓர் அலுவலக உத்தரவு. அதை இன்னும் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதில் எந்தப் பொது நலனும் எனக்குத் தெரியவில்லை. அதற்கு நீக்கமே சரி.

தனிமரம் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். நீலவானம் அவர்கள்மீது தவறில்லை, அதனால் இங்கே எல்லோரும் ஒரே பக்கம் நிற்க முடிகிறது. என் நிலை வேறு.

இருபத்திரண்டு வயதில், உடன் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி, என் சொந்தப் பெயரில், பொதுவெளியில், இழிவாக எழுதினேன். ஒரு முறை அல்ல, பல வாரங்கள். அவர் அந்த வேலையை விட்டுப் போனார். அதற்கு நான்தான் காரணமா என்று நான் கேட்டதில்லை, கேட்கத் துணிவிருக்கவில்லை. அந்தப் பதிவுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள், அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஓசையில்லாமல் அழித்துவிடலாம் என்று கை போகிறது. அது இன்னொரு கோழைத்தனமாகுமோ என்றும் படுகிறது.

பழைய அச்சு எழுதியது:

தனிமரம் அவர்களே, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி.

அழித்துவிடுங்கள், இன்றே. அந்தச் சொற்கள் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவற்றால் துன்பப்படக்கூடியவர் நீங்கள் மட்டும் அல்ல, அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினாலும் அவை வரலாம். உங்கள் நற்பெயரை எண்ணித் தயங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவருடையதும் அங்கே கிடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அழிப்பது கோழைத்தனமாவது, அதன்பிறகு யாராவது கேட்கும்போது “நான் அப்படி எழுதியதே இல்லை” என்று சொன்னால்தான். கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்பதைப் பொறுத்தவரை, அதைப் பொதுவில் எழுதாதீர்கள். பொது மன்னிப்பு அவரை மீண்டும் ஒரு முறை ஊரார் பார்வையில் நிறுத்தும், புகழ் வந்தால் அது உங்களுக்கு வரும். இருவருக்கும் நம்பிக்கையான ஒருவர் வழியாக, விடை எதிர்பார்க்காத ஒரு சிறு கடிதம் அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள். அவர் அதை விரும்ப மாட்டார் என்று அந்த நம்பிக்கையானவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

திசைகாட்டி எழுதியது:

தனிமரம் அவர்களுக்கும், பழைய பதிவுகளோடு வாழும் மற்றவர்களுக்கும் நடைமுறையான சில குறிப்புகள். அழிப்பதற்கு முன்னால் உங்கள் தரவு முழுவதையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பெரிய சமூக ஊடகங்கள் அனைத்திலும் அந்த வசதி இருக்கிறது. எங்கே என்ன எழுதினோம் என்பதை நினைவை நம்பித் தேடினால் பாதிதான் கிடைக்கும். முகநூலில், பொதுவில் இட்ட பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் அமைப்பு உண்டு. ஆனால் பிறருடைய பக்கங்களில் நீங்கள் எழுதிய பின்னூட்டங்களுக்கு அது பொருந்தாது, அவற்றைத் தனியாகத் தேடித்தான் நீக்க வேண்டும். கணக்கையே அழித்தால் முப்பது நாள்களுக்குள் மனம் மாறித் திரும்ப நுழைந்தால் அழிப்பு நின்றுவிடும், அதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நீங்கள் அழித்தாலும் இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ நகல் வைத்திருக்கலாம். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேகரித்துவரும் அது தேடுபொறிகளின் முடிவுகளில் பொதுவாக வருவதில்லை, பெரும்பாலும் குறிப்பிட்ட முகவரியைத் தெரிந்தவர்தான் அங்கே போய்ப் பார்க்க முடியும். விலக்கும்படி மின்னஞ்சலில் கேட்கலாம், அவர்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் பின்னால் தேடி வருபவர்களுக்காக. உங்கள் அந்தரங்கப் படங்களை யாராவது பரப்பினாலோ பரப்புவதாக மிரட்டினாலோ, இங்கே சொல்லப்படும் பொறுமையான கடிதங்கள் அதற்குரியவை அல்ல. ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற சேவை 2021 டிசம்பர் முதல் இயங்குகிறது. படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே படத்தின் எண்ணியல் கைரேகை ஒன்று உருவாக்கப்படுகிறது, அந்தக் கைரேகை மட்டுமே பங்கேற்கும் தளங்களுக்குப் போய், அதே படம் ஏற்றப்பட்டால் அடையாளம் காண உதவுகிறது. காவல்துறையிடம் முறையிடுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடிதத்தை அனுப்பிவிட்டேன். காத்திருக்கும் நேரத்தில் ஒரு புதிய அச்சம் வந்திருக்கிறது. இப்போது பலர் தேடுபொறிக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமே ஒருவரைப் பற்றிக் கேட்கிறார்கள். அவை இந்தச் சுற்றறிக்கையை எப்போதோ படித்து வைத்திருந்தால்?

சட்டநோக்கு எழுதியது:

அச்சம் நியாயமானது, ஏனென்றால் அவை இருப்பதைச் சொல்வதோடு இல்லாததையும் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஹெப்பர்ன் வட்டாரத்தின் மேயராக இருந்த பிரையன் ஹுட், ஒரு லஞ்ச ஊழலை வெளிக்கொணர்ந்தவர். 2023இல் சாட்ஜிபிடி அவரையே அந்த ஊழலில் சிறை சென்றவராகச் சொன்னது. அவர் சட்டப்படி எச்சரிக்கை அனுப்பினார். ஊழலோடு அவர் பெயர் பல ஆவணங்களில் சேர்ந்து வந்ததால் நேர்ந்த தலைகீழ் மாற்றம் அது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதற்கும் பத்து ஆண்டுகள் முன்பே, 2013இல், ஒருவர் பெயரைத் தட்டும்போது தேடல் பெட்டி தானாக நீட்டும் சொற்களுக்கும், அவை அவதூறானவை என்று தெரிவிக்கப்பட்டபின், கூகுள் பொறுப்பேற்க வேண்டும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இயந்திரம் எழுதியது என்பது விலக்காகாது என்ற எண்ணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சில மாதங்களுக்கு ஒரு முறை நீங்களே கேட்டுப் பாருங்கள். தவறு வந்தால் கேள்வியையும் விடையையும் தேதியோடு சேமித்து, அந்த நிறுவனத்தின் முறையீட்டுப் படிவத்தில் பதியுங்கள். இந்தச் செயலிகளில் பல, விடை சொல்லும் நேரத்தில் இணையத்தைத் தேடிப் படிக்கின்றன. ஆகவே மூலக் கோப்பு நீங்குவது அங்கேயும் பயன் தரும்.

நீலவானம் எழுதியது (ஐந்து வாரங்கள் கழித்து):

நடந்ததைத் தெரிவிக்கும் கடமை எனக்கு இருக்கிறது.

முதல் கடிதத்துக்கு விடை வரவில்லை. மூன்றாவது வாரத்தில் நினைவூட்டல் அனுப்பினேன், அதற்கு நான்காம் நாள் பதிவாளரிடமிருந்து விடை வந்தது. பெயர்களை மறைப்பதாக முதலில் சொன்னார்கள். திசைகாட்டி எழுதிய தொழில்நுட்பக் குறிப்பை அவர்களின் இணையப் பிரிவினர் படித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அதே கோப்புறையில் இதைப் போன்ற பழைய உத்தரவுகள் பல இருப்பதைச் சொன்னது அவர்கள்தான். விடுவிக்கப்பட்ட ஐவருக்காக மட்டும் கேட்பதா என்று யோசித்தேன். மற்ற இருவரும் அன்றைக்கே ஓராண்டுத் தண்டனையை அனுபவித்து முடித்தவர்கள். கோப்பை முழுதாக நீக்கும்படியே கேட்டேன். நீக்கிவிட்டார்கள். காலாவதியான உள்ளடக்கத்துக்கான படிவத்தைப் பதிந்து சில நாள்களில் முடிவுகளிலிருந்தும் அது மறைந்தது. வேபேக் மெஷினில் ஒரு நகல் இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

நானே ஒரு பக்கம் எழுதி விளக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்று முடிவு செய்தேன். எவரும் கேட்டால் காட்டுவதற்காக விடுவிப்பு ஆணையை ஒளிவருடி வைத்திருக்கிறேன். என் பெயரில் ஒரு சிறிய தளம் தொடங்கி, நான் செய்த நான்கு ஆய்வுத் திட்டங்களை மட்டும் அதில் விவரித்திருக்கிறேன்.

கோப்பு நீங்கியதை மற்ற ஆறு பேருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. மூவரின் மின்னஞ்சல் முகவரிதான் கிடைத்தது. ஒருவர் மட்டும் நேற்று விடை எழுதியிருக்கிறார். அவரும் விடுவிக்கப்பட்ட ஐவரில் ஒருவர். அந்தச் சுற்றறிக்கையின் காரணமாகவே ஏழு ஆண்டுகளுக்கு முன்பு எல்லாச் சான்றிதழ்களிலும் தம் பெயரின் எழுத்துகளை மாற்றிக்கொண்டாராம். இப்போது பழைய எழுத்துகளுக்குத் திரும்பலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். இன்னும் விடை எழுதவில்லை.